வாங்குமுன் கேளுங்கள்: மிச்ச ஸ்பிரிட்டும் கார் டாங்கியும்

கேள்வி: 2020 ஊரடங்கில் கை துடைக்கவென்று பழத்தைப் புளிக்க வைத்து வீட்டிலேயே வடித்த ஸ்பிரிட்டு நாலு லீற்றர் கிடக்கிறது. எதனோல் 80 வீதம் என்று மானி காட்டியது. இந்தியாவில் பெற்றோலோடு 20 வீதம் எதனோல் கலந்துதானே விற்கிறார்கள்? என் பழைய காருக்குள் ஊற்றினால் என்ன ஐயா? (களுவாஞ்சிகுடி)

பதில்: ஊற்றாதீர்கள். அங்கே கலப்பது நீர் நீக்கிய எதனோல், 99 வீதத்துக்கு மேல். வீட்டில் எத்தனை தரம் திரும்பத் திரும்ப வடித்தாலும் ஏறத்தாழ 96, 97 வீதத்தைத் தாண்டாது. அந்த இடத்துக்கு வந்தபின் தண்ணீரும் எதனோலும் சேர்ந்தே ஆவியாகும், பிரிக்க முடியாது. உங்களுடையதோ 80. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் தண்ணீர். பெற்றோல் தண்ணீரை ஏற்காது. அந்தத் தண்ணீர் எதனோலையும் இழுத்துக்கொண்டு டாங்கியின் அடிக்குப் போய்விடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்குப் போவது அந்தத் தண்ணீர்க் கலவை.

சோதித்துப் பார்க்க விருப்பமென்றால், முற்றத்தில், நெருப்புக்கு எட்டத்தில் நின்று, சின்னக் கண்ணாடிப் போத்தலில் ஒன்பது பங்கு பெற்றோலும் ஒரு பங்கு ஸ்பிரிட்டும் விட்டுக் குலுக்கி வையுங்கள். கலங்கி, பிறகு இரண்டு படையாகப் பிரிவதைக் கண்ணாலேயே காணலாம்.

கார் பழையது என்கிறீர்கள். எதனோல் டாங்கியில் ஊறிய பழைய அழுக்கைக் கரைத்துப் பில்டரை அடைக்கும். எதனோலுக்கென்று செய்யாத றப்பர் குழாய் உப்பி வெடிக்கும். இத்தனைக்கும் இலாபம் எவ்வளவு? எதனோலின் சக்தி பெற்றோலில் மூன்றில் இரண்டு பங்குதான். உங்கள் நாலு லீற்றரில் உள்ள எதனோல் இரண்டு லீற்றர் பெற்றோலுக்குச் சமம். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 600 ரூபா. ஒரு பம்ப் மாற்ற அதைப்போல எத்தனை மடங்கு போகும் என்று கராஜில் கேளுங்கள்.

இன்னொன்று. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். என்ன தேவைக்கென்றாலும் இனி வடிக்காதீர்கள்.

கேள்வி: மிச்ச ஸ்பிரிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் குசினியில் வைக்கலாமா? (கல்லடி)

பதில்: கூடாது. பிள்ளைகள் தண்ணீரென்று எடுத்துக் குடித்துவிடும்.

கேள்வி: ஹிங்குராணைக் கரும்பாலையில் எதனோல் வடிக்கிறார்களே, தெரிந்தவர் மூலம் இரண்டு கான் எடுக்கலாமா? (அம்பாறை)

பதில்: அனுமதிப்பத்திரம் இல்லாதவர் எடுக்க முடியாது.

கேள்வி: எதனோல் கலந்த, மைலேஜ் கூட்டும் திரவம் என்று சந்தியில் ஒருவர் விற்றார். ஐந்து போத்தல் வாங்கினேன். பில் இல்லை, லேபலும் இல்லை. இப்போது ஓட்டோ இழுக்கிறதில்லை. (காத்தான்குடி)

பதில்: லேபல் இல்லாத திரவத்தை, பில் இல்லாமல், ஒன்றல்ல ஐந்து போத்தல்! உழைத்துத் தரும் வண்டிக்குள் ஊற்றுமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? இந்தப் பத்தியில் நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதைத்தான். உற்பத்தியாளர் பெயர், முகவரி, சேர்மானம், திகதி இல்லாத போத்தலைக் கையால் தொடாதீர்கள். பில் கேட்டால் வியாபாரி தந்தே ஆகவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. தரமாட்டேன் என்பவரிடம் வாங்காமல் திரும்பி வாருங்கள். பில் என்பது பிறகு உங்களுக்காகப் பேசும் முதல் சாட்சி. அது இல்லாமல் நான் யாரிடம் போய் என்ன சொல்ல? மிச்சப் போத்தல்களைத் திறக்காதீர்கள். டாங்கியை வடித்துக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: பெற்றோல் செட்டில் ஸ்கூட்டிக்கு அடித்து இரண்டு கிலோமீற்றர் போகவில்லை, நின்றுவிட்டது. டாங்கியில் தண்ணீர் என்கிறார் மெக்கானிக். செட்டில் கேட்டால், மழையில் நீங்கள்தான் மூடியைத் திறந்து வைத்திருப்பீர்கள் என்று துரத்துகிறார்கள். வேலைக்கு நடந்து போகிறேன். (வாழைச்சேனை)

பதில்: மகள், உங்களில் பிழையில்லை. 2022இல் வரிசையில் நிற்க ஏலாமல் தெருவோரம் கானில் விற்ற பெற்றோலை நானும் வாங்கினேன். மண்ணெண்ணெய் கலந்திருந்தது. மோட்டார் சைக்கிள் புகை கக்கி நின்றது, எஞ்சின் வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் போனது. விற்றவரைத் தேடிப்போனபோது அந்த இடத்தில் ஆளில்லை. உங்களுக்கு அப்படியல்ல, செட் அதே இடத்தில் இருக்கிறது.

வடித்ததைக் கொட்டிவிடாதீர்கள். மெக்கானிக்கின் முன்னால் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுத்து மூடி, திகதி எழுதிப் படம் பிடியுங்கள். கண்டதை அவரிடம் எழுதி வாங்குங்கள். அடித்த நேரமும் பில்லும் இருந்தால் சேர்த்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், அங்கே எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், நீங்கள் இந்தக் கிழமையே கொடுங்கள். அதே செட்டில் அதே நாள் அடித்து நின்ற வேறு வண்டிகள் அந்தக் கராஜுக்கு வந்தனவா என்றும் கேளுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் மழையைச் சாட்டித் துரத்துவது அவர்களுக்குச் சுகமில்லை. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் விபரத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.