புதுச்சேரி – ஹைதராபாத் ஃப்ளைட்ல கடல் தெரிய எந்த ஜன்னல் சீட் எடுக்கலாம்?
வலது பக்கம் எஃப் சீட்டுதாங்க, ஏன்னா புதுச்சேரி ஏர்போர்ட் இருக்கிற லாஸ்பேட்டையில ஏறுனா விமானம் வடக்க பாத்து போகும், கடல் உங்க வலது கை பக்கம், திரும்பி வர்றப்போ அதுவே இடது பக்கம் ஏ சீட்.

இந்த ரூட்ல இண்டிகோ விடுறது ஏடிஆர் 72ங்கற சின்ன புரொப்பல்லர் விமானம், அதுல இறக்கை ஜன்னலுக்கு மேல இருக்கும், அதனால ஏர்பஸ் 320 ஜெட்ல மறைக்கிற மாதிரி இதுல இறக்கை தரைய மறைக்காது, அதுவும் ஏடிஆர் 25,000 அடிக்கு மேல போகாது, வானம் தெளிவா இருந்தா ஏரி, உப்பளம், வயல் வரப்பு எல்லாம் பாக்கலாம், எனக்கு ஜெட்ட விட இதுதான் ரொம்ப பிடிக்கும். நடு வரிசை மட்டும் வேணாம், இன்ஜினும் சக்கரமும் குறுக்க வரும், சத்தமும் ஜாஸ்தி, பின்னாடி எடுங்க. காலையில கிழக்கு வெயில் கண்ணு கூசும், மதியத்துக்கு மேலன்னா அந்த தொல்லை இல்ல.