நாலாவது ஆள்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் வட யார்க்‌ஷயர் பக்கம் ஒரு சிறு கிராமத்தில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. 1941இல் ஒரு ராத்திரி ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்று ஆட்டு மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால் விழுந்ததைச் சின்னப் பையனாகப் பார்த்தேன் என்கிறார். அவர் ஹைங்கெல் என்கிறார், இணையத்தில் சிலர் யுங்கர்ஸ் 88 என்கிறார்கள். எந்த ரகம், என்ன எஞ்சின், தயாரிப்பு எண் என்ன, சரியாக எந்த இடத்தில் விழுந்தது என்று கண்டுபிடிக்க ஆசை. மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். உள்ளே இருந்தவர்கள் இறந்துவிட்டார்களாம். ஊர் தேவாலயத்தில் புதைத்தார்கள் என்கிறார், ஆனால் அங்கே கல்லறை எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

முரளிதரன்

அன்புள்ள முரளிதரன்,

மெட்டல் டிடெக்டர் வேண்டாம். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்து கிடக்கும் ராணுவ விமானம் எதையும், அது எதிரியுடையதாக இருந்தாலும், பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. மனித உடலோ வெடிக்காத குண்டோ கிடக்க வாய்ப்பிருந்தால் உரிமமும் கிடைக்காது. ‘நிலத்துக்காரர் தெரிந்தவர்தான்’ என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள். அந்த மண்ணில் யாரோ ஒருவருடைய எலும்பு இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு அது சரிப்படாது.

கல்லறை காணாமல் போனதற்குக் காரணம் சுலபம். 1959இல் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ஜெர்மானிய உடல்கள் பலவற்றை எடுத்து ஸ்டாஃபர்ட்‌ஷயரில் கானக் சேஸ் என்ற இடத்தில் அடக்கம் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்கள் சுமார் 5,000 பேர் அங்கே இருக்கிறார்கள். உங்கள் தேவாலயத்தின் புதைப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஹைங்கெலா யுங்கர்ஸா என்பதை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். ரகம், எஞ்சின், எண், இடம் என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். ஆட்கள் ‘உள்ளே இருந்தவர்கள்’ என்று ஒரே சொல்லில் வந்து போகிறார்கள். எத்தனை பேர் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. கோபம் வந்தது. உங்கள் மேல் மட்டுமல்ல. இந்தத் துறையில் இறங்குகிற பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள்.

காஸ்ஃபோர்டில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தைப் பார்த்திருக்கிறேன். 1940 ஆகஸ்ட் 26 அன்று கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் விழுந்து கடலடியில் தலைகீழாகக் கிடந்தது. 2013 ஜூனில் தூக்கினார்கள். உப்பு அரிக்காமல் இருக்க, நீளமான பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை ஓயாமல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்றவர்கள் அலுமினியக் கலவையைப் பற்றியும் வளைந்த சுழலிகளைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த விமானத்தில் நான்கு பேர் இருந்தார்கள். விமானி எஃப்மெர்ட்டும் ரிட்ஸெலும் பிழைத்துக் கைதானார்கள். ஹூன், ரைன்ஹார்ட் இருவரும் இறந்தார்கள். ஒரே விமானத்தில் கிளம்பியவர்களைக் கடல் பிரித்துவிட்டது. ஹூன் கானக் சேஸில் கிடக்கிறார், ரைன்ஹார்ட் நெதர்லாந்தில் ஐசெல்ஸ்டைனில். இதை யாரும் பேசவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. 1942 ஜனவரி 15, மிடில்ஸ்பரோவை அடுத்த சவுத் பேங்க். டோர்னியர் 217 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்று, எதிரி விமானங்களை மறிக்கப் பறக்கவிட்டிருந்த தடுப்பு பலூனின் இரும்புக் கயிற்றில் மோதி ரயில் பாதை அருகே விழுந்து எரிந்தது. உள்ளே நான்கு பேர். லேனிஸ், மாட்டெர்ன், மானெகே ஆகிய மூவரின் உடல்களை எடுத்து தோர்னபி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். பள்ளத்தை மூடினார்கள். போர்க்காலம், ரயில் ஓட வேண்டும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாலாவது ஆள் ஹைன்ரிஷ் ரிக்டர் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இருந்தார். 1997இல் குழாய் பதிக்கத் தோண்டியபோதுதான் விமானமும் அவரும் வெளியே வந்தார்கள். 1998 அக்டோபரில் தோழர்கள் இருந்த அதே தோர்னபியில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஐம்பத்தைந்து வருடம் அந்த மனிதருக்கு மேலே ஊர் நடமாடியிருக்கிறது. விமானம் எங்கே விழுந்தது என்று ஊருக்கே தெரியும், அப்படியும்!

குண்டு போட வந்தவர்களுக்கு இவ்வளவு கரிசனமா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். வந்தவர்கள் குண்டு போடத்தான் வந்தார்கள், அதை மழுப்ப வேண்டாம். சவுத் பேங்கில் அந்த விமானம் விழுந்த அதே நாளில், டீஸ் ஆற்றுக் கழிமுகத்துக்கு வெளியே எம்பயர் பே என்ற சரக்குக் கப்பல் குண்டுபட்டு மூழ்கியது. நீங்கள் கட்டுரை எழுதினால், அந்த ராத்திரி உங்கள் பகுதியில் குண்டுக்குப் பலியானவர்களின் பெயர்களையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஆனால் மகன் போன இடம் தெரியாமல் கிடந்த ஒரு தாய்க்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டும். அவள் இப்போது உயிரோடு இல்லை என்பதால் கணக்குத் தீர்ந்துவிடாது.

சரி, வேலைக்கு வருவோம். ஜெர்மன் விமானப்படையின் இழப்புப் பட்டியல்கள் 1943 முடியும்வரை பெரும்பாலும் தப்பியிருக்கின்றன, உங்களுடையது 1941. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பிரதி உண்டு. தேதி, படைப்பிரிவு, விமான எண், ஒவ்வொருவர் பெயர், பதவி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் திரும்பி வராத விமானம் எங்கே விழுந்தது என்று ஜெர்மன்காரனுக்குத் தெரியாது, இலக்கின் பெயரை மட்டும் எழுதியிருப்பான். இடம் தெரிந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். போலீஸ் குறிப்பு, வான் தாக்குதல் காவலர் குறிப்பு, லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள விமானப்படை அறிக்கைகள் எல்லாவற்றையும் பாருங்கள். உடல் கருகிப்போயிருந்தால் இவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்காது. ஆக இரண்டு தரப்பும் பாதிப் பாதி வைத்திருக்கிறார்கள், நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டிய சம்பவமென்றால் ஒரு நாள் முன்பின்னாகவும் தேடுங்கள். அக்காலப் பத்திரிகையில் ஊர்ப்பெயர் இருக்காது, தணிக்கை. பெயர் கிடைத்ததும் ஜெர்மன் போர்க்கல்லறைச் சங்கத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், எந்தக் கல்லறை என்று சொல்லிவிடும்.

இதெல்லாம் அப்புறம். முதலில் பெரியவரிடம் போய் உட்காருங்கள். அவர் ஹைங்கெல் என்று தப்பாகவே சொல்லட்டும், திருத்தாதீர்கள், தொண்ணூறு வயது மனிதரிடம் விமான ரகத்துக்காக வாதாடாதீர்கள். தேவாலயத்துக்கு எத்தனை பெட்டி போனது என்று மட்டும் கேளுங்கள். பட்டியலில் உள்ள பெயர்களோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் உடனே எனக்கு எழுதுங்கள்.