கார்டில் இரண்டு ஊசி இருந்தும் குட்டிக்குப் பார்வோ வந்தது எப்படி?

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் மூலம் 46 நாள் லாப்ரடார் குட்டி வாங்கினோம். தடுப்பூசி கார்டில் 28ஆம் நாள் ஒன்று, 42ஆம் நாள் ஒன்று என இரண்டு ஊசி போட்டதாக இருந்தது. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். ஏஜென்ட் போனில் சொன்ன மாத்திரையை ஒன்றரை நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனோம். பார்வோ என்ற வைரஸ் நோய் என்று சொல்லி நான்கு நாள் ட்ரிப்ஸ் ஏற்றினார். குட்டி பிழைக்கவில்லை. ஊசி போட்டும் ஏன் வந்தது? டாக்டர் மேல் தவறா? ஏஜென்ட் பாதி விலைக்கு வேறு குட்டி தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். இப்போதைக்கு எந்தக் குட்டியும் வேண்டாம், அவரிடம் எப்போதுமே வேண்டாம்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். பிறந்ததும் குடிக்கும் முதல் பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடுகிறது. அது ரத்தத்தில் இருக்கும்வரை, நாம் போடும் ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அடித்துவிடும். நாளாக ஆக அது கரையும். கரைந்துகொண்டே வரும்போது நடுவில் ஒரு கெட்ட காலம் உண்டு: ஊசியைக் கெடுக்கும் அளவுக்குச் சக்தி மிச்சம் இருக்கும், நோயைத் தடுக்கும் அளவுக்கு இருக்காது. எந்தக் குட்டிக்கு அது எந்த வாரம் வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டே போகிறோம். 16 வாரம் ஆன பிறகு ஒரு ஊசி விழாதவரை கணக்கு முடியவில்லை. 28ஆம் நாள் போட்ட ஊசி பெரும்பாலும் வீண். 42ஆம் நாள் போட்டது வேலை செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம்.

இதெல்லாம் உண்மையிலேயே ஊசி போட்டிருந்தால். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. பஸ் பார்சலில் வெயிலில் வந்ததா, கரண்ட் போன ஃபிரிட்ஜில் கிடந்ததா என்பதைக் கார்டு சொல்லாது. போன மாதம் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கார்டில் மூன்று ஊசிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வெழுத்து. ஸ்டிக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து தயாரான மாதம், ஊசி போட்டதாக எழுதியிருந்த தேதிக்கு இரண்டு மாதம் பிந்தியிருந்தது! கார்டில் டாக்டரின் பெயரும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் கிறுக்கல் கையெழுத்து இருந்தால், ஊசி போட்டது வியாபாரியே என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கேசிஐ பேப்பர் இருக்கிறதே’ என்பார்கள். அது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பரம்பரைக்கான சான்று. குட்டியின் உடம்பைப் பற்றி அதில் ஒரு வரி கூடக் கிடையாது.

இன்னொன்று, 46 நாள் குட்டியை விற்றதே விதிமீறல். 2017ஆம் வருட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ‘சின்னதிலேயே வாங்கினால்தான் ஒட்டும்’ என்பது ஏஜென்ட் பாட்டு. வயது ஏற ஏற அவருக்குத் தீனிச் செலவு, வளர்ந்த குட்டிக்கு விலையும் குறையும், அவ்வளவுதான் சங்கதி. புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கப் போனவர்கள் வந்து சொல்லும் கதையைத்தான் நான் கேட்கிறேன். ஒரு இடத்தில் ‘நாய்க்கா?’ என்று சிரிக்கிறார்கள், இன்னொரு இடத்தில் மாவட்ட அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள், அங்கே போனால் சென்னை என்கிறார்கள். அதற்குள் ஏஜென்ட் சிம் மாற்றிவிடுகிறார். எதற்கும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் கார்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நோய் எங்கிருந்து வந்தது? உடம்பில் புகுந்து 3 முதல் 7 நாளில்தான் பெரும்பாலும் வெளியே காட்டும். ஐந்தாம் நாள் என்றால் குட்டி கிளம்பிய இடத்திலோ வழியிலோ ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டில்தான் வந்தது என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

டாக்டர் மேல், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தவறு தெரியவில்லை. இந்த வைரஸ் குடலின் உள்தோலை உரித்துவிடும், எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். குடலில் இருக்கும் கிருமிகள் அப்படியே ரத்தத்துக்குள் போகும். ட்ரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாடிக் என்று தாங்கிப் பிடிக்கிறோம், குட்டியின் உடம்பே வைரஸை வெல்ல வேண்டும். சீக்கிரம் வந்தால் பெரும்பாலானவை பிழைக்கும், சில போய்விடும். உங்களுக்கு வீணாய்ப் போனது அந்த ஒன்றரை நாள். உங்களைக் குறை சொல்லவில்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாய்க்குட்டிக்கு ட்ரிப்ஸ் போட எத்தனை ஊரில் ஆள் இருக்கிறது? ஆனால் கழிச்சலைக் கட்டும் மாத்திரையைப் போனில் சொல்லும் ஏஜென்டை மன்னிக்க முடியாது. அது குடலை நிறுத்தி விஷத்தை உள்ளேயே தேக்கும்.

இனி வீடு. பார்வோ வைரஸ் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, தரையிலும் மண்ணிலும் உயிரோடு கிடக்கும். ஃபினாயிலுக்கோ கை சானிடைசருக்கோ அது அசையாது. முதலில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அப்புறம் திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். ஃபினாயிலோ ஆசிடோ அதோடு சேர்க்கவே கூடாது. தோட்டத்து மண்ணை இப்படிக் கழுவ முடியாது. அதனால் புதுக் குட்டிக்கு ஒரு வருடம் பொறுங்கள். குழந்தைகளுக்கு இது ஒட்டாது, பயம் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஊசிக் கணக்கு முடிந்த வளர்ந்த நாயை இப்போதே கொண்டுவரலாம். வளர்ந்த நாய் என்றால் உருவத்தில் பெரிய நாய் என்று அர்த்தமில்லை. 16 வாரத்துக்குப் பிறகு ஒரு பார்வோ ஊசி போட்டு, அதற்கு மேல் இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஏழு மாத நாயாக இருந்தும் கடைசி ஊசி மூன்றாம் மாதத்தோடு நின்றிருந்தால், அது இந்தக் கணக்கில் வராது. வெறிநோய் ஊசி மட்டும் போட்டிருந்தாலும் வராது, அது வேறு இது வேறு. ‘நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது’ என்று சிப்பிப்பாறையோ தெருக்குட்டியோ எடுத்து வருகிறவர்களும் உண்டு. அதற்கும் வரும், என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டி ஊசி போட்டு, இரண்டு வாரம் வேறு இடத்தில் வைத்திருந்து கூட்டி வாருங்கள்.

எவர்சில்வர் தட்டை அதே ப்ளீச் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொள்ளலாம். படுக்கை, துணிப் பொம்மை, கழுத்துப் பட்டை எல்லாவற்றையும் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். புதிதாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக் குட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.