கணக்கில் இல்லாத நகரம்: வன்னியில் ஆய்வு செய்யும் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

வட இலங்கையின் வன்னிப் பகுதி நகரங்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஊர்க்காரர் ஒருவரும் கேட்டிருக்கிறார்.

கேள்வி: அக்கா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். கிளிநொச்சி நகராக்கம் பற்றி ஆய்வேடு எழுத நினைக்கிறேன். 2012 குடிசன மதிப்பீட்டைப் பார்த்தால் மாவட்டத்தில் நகர சனத்தொகையே இல்லை. தரவு பிழையா?

பதில்: தரவு சரி தங்கச்சி, வரைவிலக்கணம் அப்படி. இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால்தான் நகரம். முன்பு பட்டின சபைகளும் இதில் அடங்கின. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது, பட்டின சபைகள் இல்லாமல் போயின, அந்த இடங்கள் பிரதேச சபைகளுக்குள் வந்து கணக்கில் கிராமமாகிவிட்டன. நாட்டின் நகர சனத்தொகை 1981இல் 21.5 சதவீதமாக இருந்து 2012இல் 18.2 ஆகக் குறைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பெருவீதியோரம் வங்கியும் கடையுமாக நெருக்கி நின்றாலும் புள்ளிவிபரத்தில் அது கிராமம்தான்.

மிகச் சிறிய நிர்வாக அலகான கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் சனத்தொகையை எடுங்கள். செய்மதிப் படத்தில் கட்டடச் செறிவைப் பாருங்கள். நகர எல்லையை நீங்களே வரையுங்கள். ஏன் அந்த இடத்தில் கோடு போட்டீர்கள் என்பதற்கே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

கேள்வி: கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறோம். நகர வடிகால் பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறோம். மென்பொருள் இருக்கிறது, மழைத் தரவும் கிடைக்கும். சமூகவியல் ஆட்கள் எங்களுக்குத் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. 2018 டிசம்பர் வெள்ளத்தை எடுங்கள். கனமழையில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். குளத்துக்குக் கனகராயன் ஆறு எவ்வளவு தண்ணீர் கொண்டுவந்தது என்று நீங்கள் கணக்கிடுவீர்கள். தாழ்ந்த நிலத்தில் குடியிருந்தது யார், மேட்டுக்காணி அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை, கையில் இருப்பது சொந்தக் காணி உறுதியா அரசு தந்த பெர்மிட்டா என்பதை யார் கேட்பது? அந்தப் பதில் இல்லாமல் வடிகால் வரைந்தால், காணிப் பத்திரம் இல்லாத வீட்டின் நடுவால்தான் அது போகும்.

இன்னொன்று. பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. சுமார் 200 ஏக்கர் வரை பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், ஒழுங்கையோரக் கான் (வடிகால்) பிரதேச சபையிடம். ஒரே மழைத்தண்ணீர் இத்தனை பேரின் எல்லையையும் கடந்து ஓடுகிறது. யார் எதற்குப் பொறுப்பு என்று படித்துச் சொல்ல ஒரு பொதுநிர்வாக மாணவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் மதகின் விட்டத்தை ஓர் எண்ணாகப் போடுவீர்கள். மாரியில் அந்த மதகடியில் போய் நில்லுங்கள். பாதி உயரத்துக்கு மண் நிற்கும், வாழைக்குற்றியும் பிளாஸ்டிக் போத்தலும் வாயை அடைத்திருக்கும், எதிர்ப்பக்கம் யாரோ கட்டிய புது மதில் கானுக்குள் இறங்கியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது, எந்தப் பக்கத்தால் கிணற்றுக்குள் இறங்கியது என்று சுவரில் கைவைத்துக் காட்டுவார். உங்கள் கணினி மாதிரியுரு சரியா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் படிக்கிறேன். நகர ஆய்வில் எங்களுக்கு என்ன வேலை?

பதில்: நிறைய. போரால் பல வருடம் கொழும்பிலிருந்து வரும் ரயில் வவுனியாப் பக்கத்தோடு நின்றது. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பிப் போனது. எல்லாரும் இறங்கி நின்ற ஊர் கடந்து போகும் ஊரானபோது மொத்த வியாபாரம், கடை வாடகை, தங்குமிடங்கள் என்னவாயின? கணக்குப் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவர்தான் இதைச் சொல்ல முடியும்.

கேள்வி: பரந்தனில் கடை வைத்திருக்கிறேன். கம்பஸ் பிள்ளைகள் வினாக்கொத்தோடு வருகிறார்கள், நிரப்பிக் கொடுக்கிறோம், பிறகு ஆளையே காணவில்லை. எங்களுக்கு என்ன பிரயோசனம்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது ஐயா. நிவாரணப் பதிவு, நிறுவனக் கணக்கெடுப்பு, ஆய்வு என்று வன்னிச் சனம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துவிட்டது. மாணவர்களே, வடிகால் பற்றிக் கேட்கப் போன இடத்தில் போர் இழப்பைக் கிளறாதீர்கள். காணிப் பத்திரத்தைப் படம் பிடிக்காதீர்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும், முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கத்தில் வரைபடத்தோடு எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள். ஐயா, இனி வருகிறவரிடம் முடிவை எப்போது கொண்டுவந்து தருவீர்கள் என்று கேட்டுவிட்டே பேனையை எடுங்கள்.

கேள்வி: மூன்று துறை ஆட்கள் சேர்ந்தோம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: நடையில் தொடங்குங்கள். பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் உயிரியல் படித்தவர். 1914இல் இந்தியா வந்து மதுரை, தஞ்சாவூர் போன்ற நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். 1921இல் கொழும்புக்குத் திட்டம் போட்டார். திட்டத்துக்கு முன் ஊரை நேரில் பார்த்து அறிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். நீங்களும் ஒரு கிராம அலுவலர் பிரிவைத் தெரிந்து, குளக்கட்டிலிருந்து வயல்வரை மூவரும் ஒரே பாதையில் நடவுங்கள். அவரவர் கண்ணில் பட்டதை எழுதி, பின்னேரம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் ஏற்றுங்கள். கியூஜிஐஎஸ் (QGIS) வரைபடம் செய்யும் இலவச மென்பொருள், அது போதும்.

கேள்வி: களத்துக்கு எந்த மாதம் போகலாம்?

பதில்: கோடையில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை. ஓகஸ்டில் மட்டும் போனால் காய்ந்த கானைத்தான் காண்பீர்கள். நவம்பர், டிசம்பரில் அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள். காலபோக (மாரிக்கால நெல்) விதைப்பும் அறுவடையும் நடக்கும் நாட்களில் வயல்காரரைப் பகலில் மறிக்காமல், பொழுதுபட்ட பிறகு வீட்டில் சந்தியுங்கள்.