வேல்ஸ் தனிநாடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்து பற்றிய கட்டுரையின் முடிவில், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸும் தனிநாடாக வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேல்ஸில் வாழ்பவர்கள் 31 லட்சம் பேர்தான். லண்டன் தரும் பணத்தில் ஓடும் பகுதி. அங்கிருப்பவர்களிலேயே பெரும்பாலானோர் பிரிவினையைக் கேட்கவில்லை. மொழிப்பற்றைத் தவிர வேறு என்ன நியாயம் இருக்கிறது?

கு., திருநெல்வேலி

அன்புள்ள கு.,

மொழியைத் தள்ளி வைத்துவிட்டே பேசலாம். 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம்தான். எனக்கு வேல்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது ஓர் ஏரி.

வட வேல்ஸில் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்று ஒரு சிற்றூர் இருந்தது. பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், கல்லறை எல்லாம் கொண்ட ஊர். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957இல் லண்டன் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. அந்தச் சட்டம் வந்துவிட்டதால் உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வேல்ஸ் எம்.பி.க்கள் ஏறக்குறைய எல்லோரும் எதிர்த்தும் பயனில்லை. 1965இல் ஊர் நீருக்குள் போனது. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல். ‘ட்ரவெரினை நினைவில் வையுங்கள்’ என்று அபெரிஸ்ட்வித் அருகே ஓர் இடிந்த சுவரில் எழுதிய வரி இன்றும் இருக்கிறது. யாராவது அழித்தால் வேறு யாராவது வந்து மறுபடி எழுதிவிடுகிறார்கள்.

ஊர் மூழ்கிய அடுத்த ஆண்டே, 1966இல், தென் வேல்ஸின் அபர்வான் என்ற சுரங்க ஊர். நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். மிச்சமிருந்த மேடுகளை அகற்றும் செலவுக்கு, அந்தக் குடும்பங்களுக்காக மக்கள் அனுப்பிய நிதியிலிருந்தே ஒன்றரை லட்சம் பவுண்டை லண்டன் அரசு எடுத்துக்கொண்டது. திருப்பித் தந்தது 1997இல், வட்டியில்லாமல். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கொதிக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். சரி, ஹெச்.எஸ்.2 அதிவேக ரயில் திட்டத்தைப் பாருங்கள். வேல்ஸில் ஒரு மைல் தண்டவாளம்கூடக் கிடையாது. ஆனால் ‘இங்கிலாந்து, வேல்ஸ் திட்டம்’ என்று வகைப்படுத்திவிட்டார்கள். இங்கிலாந்துக்காக மட்டும் செலவிடும்போது மற்ற பகுதிகளுக்கு அதற்கு ஈடாக ஒரு பங்கு தருவார்கள். இந்த வகைப்பாட்டால் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைத்த அந்த ஈட்டுநிதி வேல்ஸுக்கு இல்லை. காவல்துறை, நீதித்துறை, கடலோர அரச சொத்துகளின் வருமானம் என்று ஸ்காட்லாந்தின் கையில் இருக்கும் பலவும் வேல்ஸ் கைக்கு வரவில்லை.

பணப் பற்றாக்குறை பற்றி நீங்கள் சொல்வது உண்மை. வரிவருவாயைவிடச் செலவு ஆண்டுக்கு ஆயிரம் கோடி பவுண்டுக்கும் மேல் அதிகம். பிரிந்தால் முதல் பல ஆண்டுகள் கடினமாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பேசுவது மக்களை ஏமாற்றுவது. ஆனால் அந்தக் கணக்கில் பிரிட்டனின் ராணுவச் செலவிலும் கடன் வட்டியிலும் வேல்ஸின் பங்கு என்று ஒதுக்கப்பட்ட தொகையும் சேர்ந்திருக்கிறது. தனிநாடு அதில் எவ்வளவை ஏற்கும் என்பது பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். தவிர, நிலக்கரியையும் எஃகையும் நம்பியிருந்த பள்ளத்தாக்குகள் எப்படி ஏழையாயின என்று பாருங்கள். அங்கே எதை மூடுவது, எதில் முதலீடு செய்வது என்ற பெரிய முடிவுகள் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் எடுக்கப்படவில்லை. வேல்ஸின் எதிர்கால ஆட்சியமைப்பை ஆராய, முன்னாள் கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ், பேராசிரியர் லாரா மக்காலிஸ்டர் தலைமையில் அமைந்த ஆணையமும் 2024 ஜனவரியில், சிரமங்களைச் சொல்லிவிட்டு, தனிநாடு சாத்தியமான ஒரு வழிதான் என்றது.

பெரும்பான்மை இன்னும் வரவில்லை என்பதும் சரி. வராமல் பிரியக்கூடாது. ஆனால் 1979இல் தனிச் சட்டமன்றமே வேண்டாம் என்று ஐந்தில் நான்கு பேர் வாக்களித்தார்கள். 1997இல் அதே யோசனை 6,721 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. 2011இல், அந்த மன்றத்துக்கு முழுச் சட்டமியற்றும் அதிகாரம் கொடுங்கள் என்றவர்கள் 63.5 சதவீதம்.

அன்புடன்,
ஆசிரியர்