பெயர்ப் பலகையும் ஓட்டுக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

மதத்தின் பெயரில் கட்சி நடத்துவதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். முஸ்லிம் லீக் ஆகட்டும், இந்து என்று பெயர் வைத்த கட்சிகள் ஆகட்டும், மக்களைப் பிரிக்கத்தானே செய்கின்றன? நீங்கள் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதுவதே இல்லை.

— ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

சரி, வெளிப்படையாகவே எழுதுகிறேன். பெயர்ப் பலகையைக் கழற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. சிவசேனாவின் பெயரில் மதம் இல்லை, மன்னர் சிவாஜிதான் இருக்கிறார். 1987 கடைசியில் மும்பை விலே பார்லே இடைத்தேர்தலில் அதன் தலைவர் பால் தாக்கரே மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டார். அவருடைய வேட்பாளரின் வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் 1995இல் அதை உறுதிசெய்தது. தாக்கரேயின் ஓட்டுரிமை ஆறு வருடத்துக்குப் பறிக்கப்பட்டதோ 1999இல்! ஆக, சட்டம் இல்லாமல் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதைத் தடுக்கவென்றே இருக்கிறது. அது வந்து சேர்வதற்குள் ஊரில் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடுகிறது.

நான் பார்ப்பது வேறு. ஜெயிப்பதற்கு ஒரு கட்சி யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது?

வெள்ளைக்காரன் 1909இல் கொண்டுவந்த தனி வாக்காளர் தொகுதியில் முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள். அடுத்த தெரு இந்துவைத் திட்டினாலும் அவருக்கு ஓர் ஓட்டுகூடக் குறையாது. சுதந்திரத்துக்குப் பின் அது ஒழிந்தது. அரசியல் நிர்ணய சபையில் அது நீடிக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் முஸ்லிம் லீக் தலைவரான நம் காயிதே மில்லத்தும் ஒருவர். படேல் காட்டமாக மறுத்துவிட்டார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. திருநெல்வேலி பேட்டைக்காரரான அதே காயிதே மில்லத், கேரளத்தின் மஞ்சேரியில் 1962, 1967, 1971 என மூன்று தடவை எல்லோரும் ஓட்டுப்போடும் தொகுதியில் ஜெயித்தார். 1967இல் அவர் கட்சிக்குக் கேரளத்தில் கம்யூனிஸ்டுகளோடு கூட்டு, இங்கே திமுகவோடு கூட்டு. பச்சைக் கொடியும் பிறையும் அப்படியேதான் இருந்தன.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது மத்தியில் ஆண்டது காங்கிரஸ். அதே காங்கிரசோடு கேரளத்தில் லீக் ஆட்சியில் இருந்தது. வெளியே வா என்று கட்சிக்குள்ளேயே நெருக்கடி. லீக்கின் கேரளத் தலைவர் பாணக்காடு முகம்மதலி சிஹாப் தங்ஙள் அமைதி காக்கச் சொன்னார், கூட்டணி நீடித்தது. அகில இந்தியத் தலைவராக இருந்த சுலைமான் சேட் கசந்துபோய் 1994இல் தனிக்கட்சி கண்டார், ஆனால் லீக் அசையவில்லை. தங்ஙள் பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனாலும் அவருடைய குணம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. முஸ்லிம்கள் அதிகமுள்ள மலப்புரம் மாவட்டத்தைத் தாண்டினால் கூட்டணி ஓட்டு இல்லாமல் லீக் கரையேறுவது கஷ்டம்.

அதற்காக உங்கள் கவலையை நான் தள்ளவில்லை. கூட்டணி என்றால் பேரமும் உண்டு. 2012இல் உம்மன் சாண்டி அமைச்சரவையில் லீக் ஐந்தாவது மந்திரி பதவியைக் கேட்டு வாங்கியது. உடனே நாயர் அமைப்பும் ஈழவர் அமைப்பும் எந்த மதத்துக்கு, எந்தச் சாதிக்கு எத்தனை மந்திரி என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தன.

என்னை அதைவிட உறுத்துவது வேறொன்று. சமூகத்தின் குரல் நாங்கள்தான் என்கிற கட்சி, கேரளச் சட்டமன்றத் தேர்தலில் முதன்முதலாக ஒரு பெண்ணை நிறுத்தியது 1996இல், கோழிக்கோட்டில். அவர் தோற்றார். அடுத்த பெண்ணுக்குச் சீட்டு கிடைத்தது 2021இல். அதே வருடம், மாணவர் அணித் தலைவர்கள் தங்களை இழிவாகப் பேசியதாக ஹரிதா என்ற மாணவியர் பிரிவு மகளிர் ஆணையத்துக்குப் போனது. புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார்கள், பெண்கள் மறுத்தார்கள். கட்சி ஹரிதாவின் மாநிலக் குழுவையே கலைத்துவிட்டது.