வாசகர் கேள்வி – பதில்: தாத்தாவின் வத்தையும் ஹாம் ரேடியோவும்

கேள்வி: எங்கள் தாத்தா பாய் விரித்து ஓட்டிய 28 அடி வத்தை (பலகையால் கட்டிய பாய்மரப் படகு), பத்து ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடக்கிறது. அதைச் செப்பனிட்டு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை ஓட்ட ஆசை. பலகைகளின் மேல் ஃபைபர் பூசிவிட்டால் போதும் என்கிறார்கள். ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக இயக்கும் வானொலி) தேர்வுக்கும் படித்து வருகிறேன். ஏரியலை எங்கே கட்டலாம்?
– ஒரு வாசகர், கோடியக்கரை

பதில்: ஃபைபர் பூச வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். கொட்டகையில் எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் ஏராவை (படகின் அடிமரத்தை) ஒட்டிய பலகைகளில் உப்பும் ஈரமும் தங்கியே இருக்கும். அதை ரெசினால் மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி மரம் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், மேற்பூச்சு பளபளப்பாக இருப்பதால் அது கண்ணுக்கும் தெரியாது. மரம் ஊறி விரியும், ரெசின் விரியாது என்பதால் இரண்டும் நாளடைவில் விலகியும் விடும்.

ஒரு பேனாக்கத்தியின் முனையை, வங்கும் (படகின் விலா போன்ற வளைந்த சட்டமும்) பலகையும் சேரும் இடங்களில் சாண் இடைவெளியில் அழுத்திப் பாருங்கள். இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, கத்தி மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகையை மாற்றியே ஆக வேண்டும். பிறகு பலகை இடுக்குகளில் உள்ள பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாகக் கலப்பத்து அடித்து (இடுக்கில் பஞ்சைத் திணித்து), எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தால் இடுக்குகளை அடையுங்கள். காய்ந்த பலகையில் பஞ்சை இறுக்கித் திணித்துவிடக் கூடாது. தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி, இடமில்லாமல் வங்கையும் ஆணியையும் நெம்பிவிடும். முதல் இரண்டு மூன்று நாட்கள் சிறிது நீர் கசிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம், பலகை ஊற ஊறக் கசிவு அடங்கும். இந்த வேலையைத் தை, மாசியிலேயே தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறிவிடுவதால் நல்ல தச்சர் கிடைப்பது அரிது.

இனி ஏரியல். ஹாம் அலைவரிசையான 7.1 மெகாஹெர்ட்ஸில் பேச, அலைநீளத்தில் கால் பங்காகச் சுமார் 10 மீட்டர் கம்பி தேவை. அமரத்திலிருந்து (படகின் பின்முனை) பாய்மர உச்சிக்கும் அங்கிருந்து சற்றே அணியத்தை (முன்முனை) நோக்கியும் இழுத்தால் அந்த நீளம் உங்கள் வத்தையில் கிடைத்துவிடும். ஆனால் பாயைத் திருப்பும்போது பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக் கழி) அந்தக் கம்பியில் சிக்கும் என்பதால், நங்கூரம் போட்ட பிறகே கப்பிக் கயிற்றால் ஏற்றி, பேசி முடித்ததும் இறக்கிவிடும்படி அமையுங்கள். இடி முழங்கினால் உடனே இறக்க வேண்டும். செய்தி அனுப்பும்போது கம்பியை யாராவது தொட்டால் கை பொத்துப்போகும்.

எர்த்துக்காகச் செம்புத் தகட்டைப் படகின் அடியில் பதிக்கச் சிலர் சொல்வார்கள். உங்கள் வத்தையில் இருப்பவை இரும்பு ஆணிகள். உப்புநீரில் செம்பும் இரும்பும் மின்தொடர்பில் இருந்தால் இரும்புதான் அரிபட்டுப் போகும். அதற்குப் பதிலாக, தலா 10 மீட்டர் நீளமுள்ள உறையிட்ட கம்பிகள் இரண்டை உட்புற விளிம்பையொட்டி இருபக்கமும் ஓடவிட்டு, மிஞ்சும் நுனியை வளைத்துவிடுங்கள், அதுவே போதும்.

100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரிக்கும் செட்டுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்றால், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போக வர ஏறத்தாழ 1.4 வோல்ட் தொலைந்துபோகும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.4 வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு இருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயராகப் பார்த்து வாங்குங்கள். என் படகில் ஒருமுறை கரையில் தெளிவாகக் கேட்ட நிலையங்கள் கடலில் கேட்காமல் போயின. ஏரியலுக்குச் செல்லும் கேபிளின் முனையை வெட்டிப் பார்த்தபோது, உள்ளிருந்த செம்புப் பின்னல் ஒரு முழ நீளத்துக்குக் கரியாய்க் கறுத்து, விரலில் பொடியாக ஒட்டியது. இணைப்பில் மயிரிழை வழியாகப் புகுந்த உப்புநீர் செய்த வேலை அது. அன்று முதல் ஒவ்வொரு இணைப்பையும் பற்றவைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றிய பிறகே பாய்மரத்தில் ஏற்றுகிறேன்.

கேள்வி: ஹாம் ரேடியோ இருந்தால் கடலில் ஆபத்துக்கு அதுவே போதாதா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: போதாது. அருகிலுள்ள படகுகளும் கடலோரக் காவல் படையும் கேட்பது வி.எச்.எஃப். எனும் குறுந்தூரக் கடல் ரேடியோவின் 16ஆம் சேனலை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸை, அந்தக் கருவி இல்லாமல் கரையை விட்டு நகராதீர்கள். கரையிலிருந்து காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஹாம் ரேடியோவின் பயன் தொலைதூரத்தில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று, ஹாம் நிலையம் அமைத்துப் பேசுவதற்காகப் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத், சுனாமியால் துண்டிக்கப்பட்ட அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் செல்போன் எடுக்காமல் நாம் தவித்த நாட்களை நினைத்தால், ஊருக்கு ஒருவராவது இதைக் கற்க வேண்டும் என்று தோன்றுகிறது. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். அடிப்படை நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடுகளாலான தந்திக் குறியீடு) தேவையில்லை. ஆனால் மீன் விலை பேச அந்த அலைவரிசையைப் பயன்படுத்த விதி இடம் தராது. செட்டைப் படகில் வைத்து இயக்கத் தனி அனுமதியும் முன்கூட்டியே பெற வேண்டும். உரிமம், அனுமதிக் கடிதம் இரண்டின் நகலையும் நீர் புகாத உறையிலிட்டு, செட்டின் பக்கத்திலேயே வைத்திருங்கள். எல்லைக்கு இவ்வளவு அருகில் உள்ள நம் கடலில் அவற்றைக் கேட்காமல் விட மாட்டார்கள்.